பேசாமல் அடித்த இரும்பு

சேனாபதி சின்னச் சுத்தியலால் எந்த இடத்தில் தட்டினாரோ அந்த இடத்தில் நஞ்சப்பன் சம்மட்டியை இறக்கினான். அவர் ஒரு தட்டு, இவன் ஒரு அடி. பட்டறைக்கல்லின் மேல் ஸ்பிரிங் பட்டை சிவப்பாக நெளிந்து நீண்டுகொண்டிருந்தது. ஏதோ பழைய டிரக்கின் வயிற்றிலிருந்து கழற்றப்பட்டு, ஜங்க்யார்டில் கிடந்த பட்டை. அடித்துத் தீட்டி முடித்தால் இங்கே அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்கிற ஊரில், யாரோ ஒரு மகராசியின் சமையலறையில் அரிவாள்மணையாகப் போய் உட்காரும். டிஷ்வாஷரும் மைக்ரோவேவும் வைத்திருக்கிற பெண்கள் ஒரு அரிவாள்மணைக்கு இத்தனை ஆலாய்ப் பறப்பார்கள் என்று நஞ்சப்பன் நினைத்ததே இல்லை.

ஜனவரி மாதத்துக் குளிர். சேனாபதி வீட்டுக் கராஜின் பின்சுவரில் சாய்த்துப் போட்ட தகரக் கூரை, இரண்டு பக்கமும் நீலத் தார்ப்பாய், எதிரே திறந்த கொல்லை, கொல்லை நிறையப் பனி. காலையில் வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் உறைந்திருக்கும் ஐஸை உடைப்பது நஞ்சப்பனின் வேலை. ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பட்டறைக்கல்லின் முகத்தில் கிடத்துவது சேனாபதியின் வேலை. கல் என்பது பேருக்குத்தான். ஓர் ஆள் எடைக்கு மேலிருக்கும் முழு இரும்பு. அது சில்லிட்டுக் கிடந்தால் வேலை இரும்பின் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். அதன் மேல் ஓங்கி அடித்தால் ஓரம் தெறித்தாலும் தெறிக்கும். அதனால் அது சூடேறும்வரை இரண்டு பேரும் உலையில் கை காட்டியபடி நிற்பார்கள். உலைக்குத் துருத்தி கிடையாது. அக்காவின் பழைய ஹேர் டிரையர்தான் காற்று ஊதியது.

அக்கா என்றால் நாகரத்தினம். நஞ்சப்பனுக்கு உடன் பிறந்தவள், சேனாபதிக்கு மனைவி. சேனாபதி மருந்துக் கம்பெனிகளுக்கு மெஷின் பாகம் செய்யும் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி பார்க்கிறவர். ஐந்தாறு வருஷங்களுக்கு முன் ஆபீஸ் பிக்னிக்குக்குப் போன இடத்தில், அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கிராமத்தைப் போல் செட்டுப் போட்டு, ஒரு ஆள் இரும்படித்துக் காட்டியிருக்கிறான். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு பார்பிக்யூ சாப்பிடப் போனார்கள். இவர் மட்டும் மாலைவரை அங்கேயே நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பட்டறைக்கல் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கினார். பிடித்தால் குரங்குப்பிடி. வெயில் காலத்தில் அடித்துப் பார்த்தார். ஜன்னல் திறந்து வைத்திருந்த அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து அவராகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்: நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் முடிந்து தெரு முழுக்க ஜன்னலைச் சாத்திய பிறகுதான் உலை மூட்டுவது, மார்ச் கடைசியில் அணைப்பது. ஆக, மனிதன் வெளியே தலைகாட்டாத மாதங்களில்தான் அவர் கொல்லையில் நின்று இரும்படித்தார்.

அந்த நான்கு மாதங்களிலும் சனிக்கிழமை தவறாமல் நஞ்சப்பன் வந்து சம்மட்டி போட்டான். ஆனால் மாமனும் மைத்துனனும் பேசிக்கொள்வதில்லை. ஐந்து வருஷமாக ஒரு சொல் கிடையாது.

சண்டை பெரிய சண்டையும் இல்லை. நஞ்சப்பன் ஐசலின் என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கினான். அமெரிக்காவுக்கு வந்த புதிதில் அவனைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து, வேலைக்கு அனுப்பியவர் சேனாபதி. வீடு பார்க்க அவரை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அதையாவது அவர் பொறுத்திருப்பார். பால் காய்ச்சுவதற்கு அழைக்க இவன் போன் போட்டபோது அவர்கள் வீட்டில் ஆளில்லை. ஆன்சரிங் மெஷினில் நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொன்னான், அவசரம். மெஷினில் அழைத்த வீட்டுக்கு மெஷினையே அனுப்பு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு சேனாபதி வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். அக்காவின் புருஷன் வராமல் பால் பொங்கிய வீடு என்று நஞ்சப்பனுக்கு ஆத்திரம். அவர் முதலில் பேசட்டும் என்று இவன். இவன் நேரில் வந்து அழைக்கட்டும் என்று அவர். இதில் இவன் மனைவி யாமினி இரண்டு தடவை சமாதானத்துக்குப் போய் இரண்டு பக்கமும் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

பட்டறைக்கல் வேனில் வந்து இறங்கிய அன்று, தூக்க ஆளில்லாமல் அக்கா தம்பியைக் கூப்பிட்டாள். வந்தான், தூக்கினான். அப்படியே நின்று சம்மட்டியையும் எடுத்தான். இரும்படிக்கப் பேச்சு தேவையில்லை என்பது இரண்டு பேருக்குமே சௌகரியமாகப் போயிற்று. சின்னச் சுத்தியல் தட்டுகிற இடத்தில் அடிக்க வேண்டும். அது பக்கவாட்டில் சாய்ந்து கல்லின் மேல் படுத்துவிட்டால் நிறுத்த வேண்டும். மற்றதற்கெல்லாம் அக்கா இருந்தாள். “அவனுக்கு இன்னொரு டம்ளர் வேணுமான்னு கேளு” என்று அவர் சொல்வார். “போதும்னு சொல்லுக்கா” என்று அவன் சொல்வான். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது.

அந்தச் சனிக்கிழமை, பட்டை இன்னும் சிவப்பாக இருக்கும்போதே சேனாபதியின் சுத்தியல் சாய்ந்து படுத்தது.

நஞ்சப்பன் ஓங்கிய சம்மட்டியைப் பாதியில் இறக்கினான். குளிர் நாளில் இரும்பு வெகு சீக்கிரம் கறுத்துவிடும். சிவப்பு இருக்கும்போது அவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை. என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளியின் மேல் உட்கார்ந்தார். மனிதருக்கு அறுபது ஆகப் போகிறது, குளிருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு இவன் தார்ப்பாய்க்குப் பின்னால் கரி மூட்டையிடம் போனான். பெரிய கட்டிகளாகப் பார்த்துக் கைச்சுத்தியலால் உடைத்தான்.

“மாப்ளே.”

நன்றாகக் கேட்டது. சத்தமாகவும் இல்லை, முனகலாகவும் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் மோர் கேட்கிற மாதிரி சாதாரணமாக இருந்தது. நஞ்சப்பனுக்கு முதுகெல்லாம் சூடேறியது. ஐந்து வருஷத்துக்கு அப்புறம் வாயைத் திறந்துவிட்டார். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சந்தோஷத்தின் தலையிலேயே வீம்பும் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நினைத்தான். ஒரு கட்டியை எடுத்து உடைத்தான். இன்னொன்றையும் உடைத்தான்.

இரண்டாவது தடவை அவர் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தபோது சேனாபதி சுவரோடு சரிந்திருந்தார். கால் ஒன்று பனியில் நீண்டு கிடந்தது. ஹேர் டிரையர் ஊதிக்கொண்டே இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் தனியே அழைத்து, வந்தது மிகப் பெரிய அட்டாக், பக்கத்தில் யார் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். நஞ்சப்பன் தேங்க் யூ சொன்னான். அவர் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் டாக்டர் சொன்னது இதயத்தைப் பற்றி. கூப்பிட்ட மனிதன், அந்தக் குரலுக்குத் திரும்பின முகத்தைப் பார்க்காமல் போனதற்கு டாக்டரிடம் மருந்து இல்லை.

மாலைக்குள் வீடு நிரம்பிவிட்டது. இந்த வட்டாரத்துத் தமிழர் சாவு அத்தனைக்கும் பொறுப்பேற்றுக்கொள்கிற ஜம்புநாதன் அங்கிள் வந்து போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எந்த ஃப்யூனரல் ஹோமில் செருப்போடு நிற்க வேண்டும், எங்கே கற்பூரம் ஏற்ற விடமாட்டார்கள், எந்த ஐயர் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அடுப்பு மூட்டக் கூடாது என்று பெண்கள் அலுமினியம் ட்ரேயில் புளிசாதமும் தயிர்சாதமும் கொண்டுவந்து அடுக்கினார்கள். கொல்லையில் உலை மட்டும் அணையாமல் கனன்றுகொண்டிருந்தது. அதை யாரோ ஞாபகப்படுத்த, நஞ்சப்பன் போய்க் கரியைக் கிளறிப் பிரித்துவிட்டு வந்தான்.

வந்தவர்கள் எல்லோரும் அவனிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கூட இருந்தது நீதானே, கடைசியாக என்ன சொன்னார்? சேனாபதியின் மகள் தென்றலும் கேட்டாள். பக்கத்து யுனிவர்சிட்டியில் படிக்கிற பெண், அழுது முகம் வீங்கியிருந்தது. “மாமா, டிட் ஹி சே எனிதிங்?” அவன் அவள் தலையைத் தடவிவிட்டு, தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று நகர்ந்துவிட்டான்.

திரும்பி வந்தபோது ஹாலில் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். சுற்றிப் பெண்கள்.

“ரெண்டு பேரும் பேசிட்டாங்க,” என்றாள். “நான் என்ற கண்ணால பாத்தேன். காபி எடுத்துட்டுப் பின்கதவுகிட்ட போறேன், இவரு வாளி மேல உக்காந்துட்டு என்னமோ சொல்றாரு. வாய் அசையறது நல்லாத் தெரியுது. அவன் தார்ப்பாய்க்கு அந்தப்பக்கம் இருந்தான். இப்பப் போயி நடுவுல நின்னோம்னா மறுபடியும் ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கும், நல்லாப் பேசி முடிக்கட்டும்னு காபியோட உள்ள வந்துட்டேன்.”

ஒரு அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்த மட்டுக்கும் மனசு நிறைந்து போனாரே என்றாள். எல்லோரும் நஞ்சப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜம்புநாதன் அங்கிள் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்து அழுத்தினார்.

தண்ணீர் டம்ளரோடு நஞ்சப்பன் நின்றான். அதுவரை அவனுக்கு ஒரு எண்ணம் இருந்தது. கூட்டம் கலைந்ததும் அக்கா காலில் விழுந்தாவது நடந்ததைச் சொல்லிவிடுவது, அடித்தாலும் வாங்கிக்கொள்வது. இப்போது அது முடியாது என்று புரிந்தது. உண்மையைச் சொன்னால் மாட்டுவது அவன் ஒருவன் மட்டும் இல்லை. பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக் காபியோடு திரும்பினவளும் மாட்டுவாள். அவர் உதவிக்குக் கூப்பிட்டதைப் பின்கதவிலிருந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன் என்று ஆயுசு முழுக்க அவள் தன்னைத்தானே தின்றுகொள்வாள். சொல்லாமல் இருந்தாலோ, ஊரே அவனை ராசியாகிவிட்ட மைத்துனன் என்று தட்டிக்கொடுக்கும். அதை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை கோடிப் புடவை எடுக்கப் போனான். பிறந்த வீட்டுக் கோடி அவன்தான் எடுக்க வேண்டும். அந்த வீட்டின் சார்பில் இந்தக் கண்டத்தில் வேறு ஆள் கிடையாது. ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் கல்யாணச் சீசன் தள்ளுபடி. கடைக்காரர் பளபளவென்று ஒவ்வொன்றாக விரித்துப்போட்டு, என்ன ஃபங்ஷன் என்று ஹிந்தியில் கேட்டார். சாதாரணமாக, தினம் கட்டுகிற மாதிரி, சரிகை இல்லாமல் என்று நஞ்சப்பன் கையால் காட்டினான். வெள்ளை வேண்டாம் என்று யாமினி சொல்லி அனுப்பியிருந்தாள். சாம்பல் நிறத்தில் சின்னக் கட்டம் போட்ட ஒரு காட்டன் புடவை மாடிப் பெட்டியிலிருந்து வந்தது. கடைக்காரர் புரிந்துகொண்டு, காகிதத்தில் சுற்றிக்கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஃப்யூனரல் ஹோமில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெண் பிள்ளை எப்படிக் கொள்ளி வைப்பது என்று யாரோ இழுத்தார்கள். வேற யாரு வெப்பா என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். தென்றல் எரியூட்டும் பட்டனை அழுத்தினாள். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடுகிற மாதிரி இருந்தது. உலை முன்னால் நின்றே குளிர்காலத்தைக் கழித்த மனிதருக்கு இந்த நெருப்பை ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை என்பது நஞ்சப்பனுக்கு என்னவோ போல் இருந்தது.

அதற்குப் பின் பக்கத்து அறையில், கம்பளமும் டிஷ்யூ பெட்டியுமாக இருந்த இடத்தில், அவன் அக்காவின் தோளில் கோடியைப் போட்டான். மற்றவர்கள் கோட்டுப் போட்டுக்கொள்ள வெளியே போயிருந்தார்கள். அக்கா புடவையைத் தொட்டுப் பார்த்தாள்.

“என்னடா சொன்னாரு?” என்றாள்.

அவன் புடவை சுற்றியிருந்த காகிதத்தை மடிக்கத் தொடங்கினான்.

“நீ யாருகிட்டயும் சொல்லல. எங்கிட்ட சொல்லு. நான் பாத்தப்ப என்ன சொல்லிட்டிருந்தாரு?”

“மாப்ளேன்னாரு.”

அக்காவின் முகம் மலர்ந்தது. மூன்று நாளில் முதல் தடவை.

“அப்புறம்?”

“வீடு எப்படி இருக்குதுன்னு கேட்டாரு.”

அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வந்துவிட்டது.

“நீ என்ன சொன்னே?”

“வந்து பாருங்க மாமான்னேன்.”

“வரேன்னாரா?”

“வரேன்னாரு.”

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போயிட்டு வந்திருக்கலாம், பக்கத்துலதான இருக்குது” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாம்பலை வாங்கிக்கொள்ளச் சொல்லி போன் வந்தது. பவானி கூடுதுறையில் கரைப்பதாக ஏற்பாடு. அதுவரை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, கராஜில் ஒரு ஷெல்ஃபில் வையுங்கள் என்று ஜம்புநாதன் அங்கிள் சொல்லியிருந்தார். நஞ்சப்பன் தனியாகப் போவதாக இருந்தான். காரை எடுக்கும்போது அக்கா கோடிப் புடவையின் மேல் சேனாபதியின் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறினாள். துக்க வீட்டுக்காரி காரியம் ஆகும்வரை வெளியே வரக் கூடாதென்று உள்ளே யாரோ சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

அங்கே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தார்கள். டிக்கியில் வைக்கிறேன் என்று நஞ்சப்பன் கை நீட்டினான். அக்கா கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சீட் பெல்ட்டை அதற்கும் சேர்த்துப் போட்டாள். தெருவில் உப்புத் தூவிப் பனி சேறாகியிருந்தது. சிக்னல் வந்தது. அவர்கள் வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும்.

“நேராப் போ,” என்றாள் அக்கா.

“எங்கக்கா?”

“உங்க வீட்டுக்கு. வரேன்னு சொன்னாருல்ல.”

பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தான் ஒருவன். நஞ்சப்பன் நேராக ஓட்டினான். வழி நெடுகச் சொல்லிவிடலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அக்கா, அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை, நான் வாங்க என்றும் சொல்லவில்லை, கரி உடைத்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை வாயைத் திறந்தான். அக்கா வெளியே பார்த்துக்கொண்டு, இந்தத் தெருதானா, இந்த மரம் பெரிதாகிவிட்டதே என்று கேட்டபடி வந்தாள். பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டு யாமினி கதவைத் திறந்தாள். அக்காவைப் பார்த்தாள், கோடியைப் பார்த்தாள், கையிலிருந்ததைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் பயம் வந்து போயிற்று. கோயம்புத்தூரில் அவள் அம்மா கேள்விப்பட்டால் இரண்டு நாள் சாப்பிட மாட்டாள். எந்த வீட்டிலும் யாரும் செய்யாத காரியம். நஞ்சப்பன் மனைவியைப் பார்த்தான்.

அக்கா படியேறி வாசலில் நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி தம்பியின் பக்கம் திரும்பினாள்.

“கூப்பிடு,” என்றாள்.

“வாக்கா.”

“என்னை இல்லடா. நான் அன்னிக்கே வந்துட்டேன், பால் காய்ச்சறப்ப. அவரக் கூப்பிடு.”

குளிர் காது மடலைக் கிள்ளியது. எதிர்வீட்டுக்காரன் டிரைவ்வேயில் பனி தள்ளுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தான். நஞ்சப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். முதல் தடவை சத்தம் வரவில்லை.

“வாங்க மாமா,” என்றான்.

அக்கா அசையாமல் நின்றாள். சத்தம் போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ.

“வாங்க மாமா,” என்று அவன் இன்னொரு தடவை கூப்பிட்டான். எதிர்வீடுவரை கேட்டிருக்கும். “உள்ள வாங்க.”

வெளிக்கதவு ஸ்பிரிங்கில் தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. யாமினி அதைக் காலால் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, குனிந்து வழியில் கிடந்த ஷூக்களை ஓரமாகத் தள்ளினாள். அக்கா நிலைப்படியைத் தாண்டி மெதுவாக நடந்தாள். ஹாலைப் பார்த்தாள், பெட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு சமையலறையைப் பார்த்தாள், மாடிப்படியின் கீழே போய் நின்று அண்ணாந்து மேலே பார்த்தாள். நஞ்சப்பன் வாசலிலேயே நின்றிருந்தான். கதவு அகலத் திறந்து கிடந்தது, சாத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. குளிர் உள்ளே போய்க்கொண்டே இருந்ததில், கீழே பேஸ்மென்டில் ஹீட்டர் ஒரு தடவை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது.